மதுரையில் சொகுசு எஸ்யூவி விலை பேசுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிம்மக்கல் பக்கம் வரிக் கணக்கு பார்க்கும் அலுவலகம் எங்களுடையது. ஜவுளிக்கடைக்காரர்கள், டாக்டர்கள், கான்ட்ராக்டர்கள், போடி ஏலக்காய் வியாபாரிகள் என்று பலரும் வருவார்கள். பெரிய வண்டி எடுக்கப் போகிறவர்கள் ஷோரூமில் கொடுத்த கொட்டேஷன் தாளைக் கையோடு கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுச் சந்தேகம் கேட்பார்கள். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, கீழே பதில் சொல்லியிருக்கிறேன். 2023 நவம்பரில் உயர்ந்த தமிழ்நாட்டுச் சாலை வரியையும் 2025 செப்டம்பர் 22 முதல் மாறிய ஜிஎஸ்டியையும் வைத்துத்தான் இங்குள்ள கணக்குகள் எல்லாம்.

எக்ஸ் ஷோரூம்ங்கிறாங்க, ஆன் ரோடுங்கிறாங்க. நான் எந்த விலையைப் பேசணும்?

பேச்சை முடிக்க வேண்டியது ஆன் ரோடு விலையில். வண்டி உங்கள் பெயரில் பதிவாகி, இன்சூரன்ஸ் போட்டு, சாவி கைக்கு வரும்வரை மொத்தம் எவ்வளவு என்ற ஒரே தொகை அது. ஆனால் உட்கார்ந்து பேசுவதற்கு முன் அந்தத் தொகைக்குள் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கணக்குக்கு எளிதாக, எக்ஸ் ஷோரூம், அதாவது சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராத விலை, 70 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இதற்குள்ளேயே 40 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது. வண்டிக்கு 50 லட்சம், ஜிஎஸ்டி 20 லட்சம். இதன் மேல் தமிழ்நாட்டு ஆயுள் சாலை வரி 20 சதவீதம், அதாவது 14 லட்சம். டிசிஎஸ், அதாவது ஷோரூம் நம்மிடம் வசூலித்து வருமான வரித் துறைக்குக் கட்டி, நாம் பிறகு வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளும் தொகை, 1 சதவீதம், 70 ஆயிரம். இதுவே 84 லட்சத்து 70 ஆயிரம் ஆகிவிட்டது. அப்புறம் இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம், ஃபாஸ்டேக், ஷோரூமில் சேர்க்கும் இதர செலவுகள்.

இதுல எதைக் குறைக்க முடியும், எதைக் குறைக்கவே முடியாது?

ஜிஎஸ்டி, சாலை வரி, டிசிஎஸ் மூன்றும் அரசுக்குப் போகிற பணம். மேலே சொன்ன கணக்கில் 34 லட்சத்துக்கு மேல் அங்கே போய்விடுகிறது. "உங்களுக்காக ரோடு டாக்ஸில் கொஞ்சம் பார்த்துப் பண்ணித் தர்றேன் சார்" என்று யாராவது சொன்னால், வேறு எந்த இடத்தில் அதை ஏற்றியிருக்கிறார் என்று தாளில் தேடுங்கள். தமிழ்நாட்டில் முன்பு 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்குச் சாலை வரி 15 சதவீதமாக இருந்தது. இப்போது 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். பழைய 15 சதவீதத்தை மனதில் வைத்துக்கொண்டு ஷோரூமில் சண்டை போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சண்டையில் ஒரு பைசா தேறாது.

பேச இடமுள்ளவை: வண்டி விலையில் தள்ளுபடி, இன்சூரன்ஸ் பிரீமியம், எக்ஸ்டெண்டட் வாரண்டி, சர்வீஸ் பேக்கேஜ், ஆக்சஸரீஸ், பழைய வண்டிக்குத் தரும் விலை, கடன் வட்டி. உங்கள் நேரம் முழுவதையும் இங்கே செலவிடுங்கள்.

70 லட்சம் கொடுத்து வாங்குறவன் 70 ஆயிரத்துக்கு மல்லுக்கு நிக்கலாமா? கேவலமா நினைக்க மாட்டாங்களா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் அதிகமும் டாக்டர்கள். கீழமாசி வீதியில் கடை வைத்திருப்பவர் யாரும் இதுவரை கேட்டதில்லை. விற்பவருக்கு மாத இலக்கு உண்டு, மேலாளருக்குக் காலாண்டு இலக்கு உண்டு, உங்களுக்கு முன்னால் வந்தவரும் பேசிக் குறைத்துவிட்டுத்தான் போயிருப்பார். குரலை உயர்த்தாமல், தாளை முன்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகக் கேட்டால் யாரும் கேவலமாக நினைப்பதில்லை. எழுபதாயிரம் உங்கள் உழைப்பு. கூச்சத்துக்காக அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

அப்போ எவ்வளவு குறைச்சுக் கேட்கலாம்? ஒரு நம்பர் சொல்லுங்க.

எல்லா வண்டிக்கும் பொருந்துகிற நம்பர் கிடையாது. புதிதாக வந்து, முன்பதிவு வரிசை நீண்டிருக்கும் மாடலில் ஒரு ரூபாய்கூட இறங்காமல் போகலாம். அதே கம்பெனியில், அடுத்த தலைமுறை வரப்போகிறது என்று செய்தி வந்துவிட்ட மாடலில் லட்சக்கணக்கில் இறங்கும். எவருக்கும் பிடிக்காத நிறத்தில் யார்டில் மாதக்கணக்காக நிற்கிற வண்டிக்கும் அப்படித்தான்.

உங்கள் நம்பரை நீங்களே கண்டுபிடிக்க வழி உண்டு. ஒரே வாரத்தில், ஒரே வேரியன்ட்டுக்கு, மூன்று ஊர் ஷோரூம்களில் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். ஒவ்வொருவரிடமும் கம்பெனி தருகிற சலுகை எவ்வளவு, டீலர் தன் பங்கில் தருவது எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். கம்பெனி சலுகை கேட்காமலே எல்லாருக்கும் கிடைக்க வேண்டியது. அதையே "ஸ்பெஷலா உங்களுக்கு" என்று கொடுத்துவிட்டு டீலர் பங்கைக் கையிலேயே வைத்துக்கொள்வது வழக்கம்.

பென்ஸ்ல விலையே பேச முடியாதாமே, நிஜமா?

வண்டி விலையைப் பொறுத்தவரை பெருமளவு நிஜம். 2021 அக்டோபரிலிருந்து மெர்சிடிஸ் பென்ஸ் இந்தியாவில் விற்பனை முறையையே மாற்றிவிட்டது. வண்டி இருப்பு கம்பெனியுடையது, பில் போடுவதும் கம்பெனி, ஷோரூம் அதன் முகவர் மட்டுமே. நாடு முழுவதும் ஒரே விலை என்பதால் சென்னைக் கொட்டேஷனைக் காட்டி மதுரையில் குறைக்க முடியாது. கம்பெனி அந்த மாதம் என்ன சலுகை அறிவித்திருக்கிறது என்று கேட்டு வாங்கலாம். இன்சூரன்ஸ், பழைய வண்டி விலை, கடன் வட்டி, ஆக்சஸரீஸ் இவற்றில் வழக்கம்போலப் பேசலாம்.

பிஎம்டபிள்யூ, ஆடி போன்றவற்றில் டீலர் வண்டியை வாங்கி விற்கிற பழைய முறைதான். அங்கே வண்டி விலையிலும் பேச்சுக்கு இடம் இருக்கிறது.

மதுரையில அந்த பிராண்டுக்கு ஒரே ஷோரூம். யாரோட போட்டி வச்சுப் பேசுறது?

கோவையும் சென்னையும் எதற்கு இருக்கின்றன? தமிழ்நாட்டுக்குள் எந்த ஊரில் வாங்கினாலும் உங்கள் மதுரை முகவரிக்கு இங்கேயே பதிவு செய்யலாம். டிஎன் 58, 59, 64 என்று உங்கள் பகுதிக்குரிய எண்ணே கிடைக்கும். வாரண்டி எந்த அங்கீகரிக்கப்பட்ட ஒர்க்‌ஷாப்பிலும் செல்லும். கோவையிலிருந்து வண்டியை ஓட்டி வராமல் லாரியில் ஏற்றி அனுப்புவார்களா, அந்தச் செலவு யாருடையது என்று மட்டும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஒரே பிராண்டுக்குள் மட்டும் பார்க்க வேண்டும் என்றும் இல்லை. பிஎம்டபிள்யூ எக்ஸ்3 பார்க்கிறவர் ஆடி க்யூ5-க்கும் ஒரு கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தால் அதுவும் போட்டிதான்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். கையில் இல்லாத கொட்டேஷனை இருப்பதாகச் சொல்லாதீர்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், ஒரு போனில் விசாரித்துவிடுவார்கள். அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையான விலைக்கும் மதிப்பு இருக்காது.

எனக்குக் கேட்டால், இருபது முப்பதாயிரம் வித்தியாசத்துக்கு வெளியூர் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். சர்வீஸுக்கு நாளை இங்கேதான் நிற்கப்போகிறீர்கள். வித்தியாசம் லட்சத்தைத் தாண்டினால் யோசிக்கலாம்.

ஆடி மாசத்துல விலை குறையும்ங்கிறாங்க. ஆனா வீட்ல ஆடியில வண்டி எடுக்கவே கூடாதுங்கிறாங்க. என்ன பண்றது?

ஆடியில் பேசுங்கள், ஆவணியில் எடுங்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நம் பக்கத்து ஷோரூம்களில் கூட்டம் இருக்காது. ஆனால் கம்பெனிக்கு ஆடி மாதம் என்று ஒன்று கிடையாது, மாத இலக்கு அப்படியே இருக்கும். அந்த மாதத்தில் பேச வருகிற ஆளுக்கு மேலாளரே வந்து உட்கார்ந்து காபி சொல்வார்.

இதில் கவனிக்க வேண்டியது பில் தேதி. சலுகைகள் பெரும்பாலும் பில் போடும் மாதத்தைப் பொறுத்தவை. ஆடியில் பேசிய விலை ஆவணியில் போடும் பில்லுக்கும் செல்லும் என்று முன்பதிவுத் தாளிலேயே எழுதி, முத்திரை வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். எழுத மறுத்தால் இரண்டாவது வழி, பில்லையும் பதிவையும் ஆடியிலேயே முடித்துவிட்டு வண்டியை ஆவணி முதல் முகூர்த்தத்தில் வீட்டுக்குக் கொண்டுவருவது. பல வீடுகளில் இதற்குப் பெரியவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், கடைசி நேரத்தில் மனஸ்தாபம் வேண்டாம்.

மார்கழிக்கும் இதே கணக்குதான், கூடவே ஆண்டு இறுதியும் சேர்ந்துகொள்கிறது. டிசம்பரில் பழைய இருப்பைத் தள்ளிவிடத் துடிப்பார்கள். ஜனவரியில் விலை ஏற்றுவதும் சொகுசு கார் கம்பெனிகளின் வழக்கம். ஆயுத பூஜை, தீபாவளி, அட்சய திருதியை சமயங்களில் மாறாக இருக்கும். பேசுவதற்கே ஆள் கிடைக்க மாட்டார். இன்னொன்று, உங்கள் நல்ல நாள் எது என்பதை விலை முடியும்வரை வெளியே சொல்லாதீர்கள். "வர்ற வெள்ளிக்கிழமை எடுத்தே ஆகணும்" என்று சொன்ன பிறகு விலை பேச உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது.

போன வருஷத்து வண்டியைத் தலையில கட்டிருவாங்களோன்னு பயமா இருக்கு. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

விற்பனைச் சான்றிதழான படிவம் 21-இல் வண்டி தயாரான மாதமும் ஆண்டும் இருக்கும். ஆர்சியிலும் அது ஏறும். பணம் கட்டும் முன்பே சேசிஸ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 17 இலக்கம் கொண்ட அந்த எண்ணில், இந்தியாவில் பாகங்களைப் பூட்டித் தயாராகும் வண்டிகளில் பெரும்பாலும் பத்தாவது எழுத்து ஆண்டைக் குறிக்கும். ஆங்கில ஆர் (R) என்றால் 2024, எஸ் (S) 2025, டி (T) 2026. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3225 என்றால் 2025-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்த டயர். வண்டி இந்த மாதத்தது என்று சொல்லி, டயர் ஒன்றரை வருடம் பழையதாக இருந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

முழுதாக இறக்குமதியாகும் வண்டிகளில் தயாரித்த மாதத்துக்கும் ஷோரூமுக்கு வரும் மாதத்துக்கும் இடைவெளி அதிகம். லேண்ட் ரோவர் டிஃபெண்டர் ஸ்லோவாக்கியாவிலிருந்து கப்பலில் வருகிறது. பிஎம்டபிள்யூவின் எக்ஸ்1, எக்ஸ்3, எக்ஸ்5 எல்லாம் சென்னையை அடுத்துள்ள ஆலையிலேயே பூட்டப்படுகின்றன. இரண்டையும் ஒரே அளவுகோலால் பார்க்க முடியாது.

போன வருடத்து வண்டி என்பதாலேயே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எட்டுப் பத்து வருடம் வைத்து ஓட்டப் போகிறவருக்கு நல்ல தள்ளுபடி கிடைத்தால் அது லாபமே. மூன்று வருடத்தில் மாற்றுகிற பழக்கம் உள்ளவர் மட்டும் ஒதுங்கிக்கொள்ளலாம், மறுவிற்பனையில் தயாரிப்பு ஆண்டைத்தான் முதலில் கேட்பார்கள்.

கொட்டேஷன்ல ஹேண்ட்லிங், லாஜிஸ்டிக்ஸ், எசென்ஷியல் கிட்னு என்னென்னமோ போட்டிருக்கே, இதெல்லாம் கட்டாயமா?

அண்ணா நகரிலிருந்து ஒரு டாக்டர் தம்பதி கொண்டுவந்த தாள் நினைவுக்கு வருகிறது. மேலே வண்டி விலை, சாலை வரி, டிசிஎஸ் எல்லாம் சரியாக இருந்தன. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் லாஜிஸ்டிக்ஸ் ஹேண்ட்லிங் 25,000, எசென்ஷியல் கிட் 48,500, டாக்குமென்டேஷன் 12,000, ரோட்சைடு அசிஸ்டன்ஸ் தனியாக ஒரு தொகை. அந்த அம்மா பச்சை மையால் நான்கையும் வட்டம் போட்டு வைத்திருந்தார். என்ன கேட்க வேண்டும் என்று மட்டும் எங்களிடம் கேட்டார்.

ஒவ்வொரு வரிக்கும் இரண்டே கேள்விகள். இந்தப் பணம் யாருக்குப் போகிறது? இதற்குத் தனி ரசீது தருவீர்களா? ஹேண்ட்லிங் கட்டணம் அரசுக் கட்டணம் அல்ல. ரோட்சைடு அசிஸ்டன்ஸ் பெரும்பாலான சொகுசு வண்டிகளில் வாரண்டியோடேயே வருகிறது. எசென்ஷியல் கிட் என்பது மிதியடி, மட் ஃப்ளாப், கார் கவர் போன்றவைதான், வேண்டுமென்றால் வாங்கலாம். அவர்கள் போய் அமைதியாகக் கேட்டதில் ஹேண்ட்லிங்கும் டாக்குமென்டேஷனும் நீக்கப்பட்டன. ரோட்சைடு அசிஸ்டன்ஸ் ஏற்கெனவே வாரண்டியில் இருப்பது தெரிந்து அதையும் அடித்தார்கள். கிட்டை மட்டும் பிடித்துப்போய் வைத்துக்கொண்டார்கள்.

இன்சூரன்ஸ் இங்கதான் போடணும்னு ஷோரூம்ல சொல்றாங்க. வெளிய போட்டா க்ளைம்ல பிரச்சினை வருமா?

எங்கே போடுவது என்பது உங்கள் உரிமை, யாரும் கட்டாயப்படுத்த முடியாது. புது காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், அதன் பிரீமியம் அரசு நிர்ணயித்தது என்பதால் எங்கே போனாலும் ஒன்றுதான். வித்தியாசம் எல்லாம் உங்கள் வண்டிச் சேதத்துக்கான பகுதியில் இருக்கிறது. வெளியே ஒரு பிரீமியம் வாங்கிக் காட்டினால் ஷோரூமே இறங்கி வருவது சகஜம்.

ஒப்பிடும்போது ஐடிவி தொகையும் (வண்டி முழுதாகப் போனால் காப்பீட்டில் கிடைக்கும் அதிகபட்சத் தொகை) கூடுதல் காப்புகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஐடிவியைக் குறைத்து, ஜீரோ டெப்ரிசியேஷனை (மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத காப்பு) நீக்கிவிட்டு, "பாத்தீங்களா எவ்வளவு கம்மி" என்று காட்டுவது எளிது. புது வண்டிக்கு ஐடிவி எக்ஸ் ஷோரூம் விலையில் 95 சதவீதம் அளவில் இருக்க வேண்டும். ஜீரோ டெப்ரிசியேஷன், இன்ஜின் காப்பு, ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (வண்டி முழுதாகப் போனால் பில் விலையைத் தரும் காப்பு) மூன்றும் இந்த விலை வண்டிக்கு அவசியம் என்பது என் எண்ணம். வீட்டுக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் பணம் கட்டாமல் க்ளைம் செய்யும் வசதி அந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கு இருக்கிறதா என்று மட்டும் உறுதிசெய்துவிட்டு வெளியே போடுங்கள்.

பழைய வண்டியை அங்கேயே எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்தா நல்லதா?

புது வண்டி விலை முடியும்வரை பழைய வண்டியைப் பற்றி வாய் திறக்காதீர்கள். இரண்டையும் ஒரே பேச்சில் கலந்தால் புது வண்டியில் ஒரு லட்சம் தந்துவிட்டு பழையதில் ஒன்றரை லட்சத்தைப் பிடித்துவிடுவார்கள், உங்களுக்குத் தெரியவே தெரியாது. முதலில் வெளியே இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டு வையுங்கள். எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று தனியாக ஒரு தொகை இருந்தால், பழைய வண்டி விலையோடு அதையும் சேர்த்து வெளிச் சந்தை விலையோடு ஒப்பிடுங்கள்.

பலர் கோட்டை விடுவது நோ க்ளைம் போனஸை. அது வண்டிக்கு உரியது அல்ல, உங்களுக்கு உரியது. தொடர்ந்து க்ளைம் இல்லாமல் ஓட்டியவருக்கு 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கும். பழைய வண்டியை விற்றதும் காப்பீட்டு நிறுவனத்தில் சான்று வாங்கி புது பாலிசியில் சேர்த்தால் சேதப் பகுதி பிரீமியத்தில் பாதி வரை குறையும். 70 லட்ச வண்டியில் அது சின்னத் தொகை இல்லை.

லோன் ஷோரூம்லயே போட்டுக்கலாமா, நம்ம பேங்க்ல போடலாமா?

இரண்டு இடத்திலும் வட்டியை எழுதி வாங்குங்கள். ஷோரூம் வழியாகப் போகும் கடனுக்கு அவர்களுக்கு கமிஷன் உண்டு, அதனால்தான் அவ்வளவு ஆர்வம். 50 லட்சம் கடன், ஐந்து வருடம், 9 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 1,03,800. அதுவே 9.5 சதவீதம் என்றால் சுமார் 1,05,000. மாதம் ஆயிரத்து இருநூறு சொச்சம்தானே என்று தோன்றும். ஐந்து வருடத்தில் அது சுமார் 73 ஆயிரம். தவணையை மட்டும் காட்டிப் பேசினால் ஏமாந்துவிடாதீர்கள், காலத்தை நீட்டி எந்தத் தவணையையும் சின்னதாக்கிவிடலாம். முன்கூட்டிக் கட்டினால் என்ன கட்டணம் என்பதையும் கேளுங்கள்.

கொஞ்சம் ரொக்கமா கொடுத்தா இன்னும் குறைப்பாங்களா?

2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது 2017 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டப்படி கூடாது. ரொக்கத்தை வாங்கிய ஷோரூமுக்கு அதே அளவு அபராதம். எந்த நல்ல ஷோரூமும் சம்மதிக்காது. சம்மதித்தால் அங்கே வண்டி வாங்காதீர்கள்.

கம்பெனி பேர்ல வாங்கினா 20 லட்சம் ஜிஎஸ்டி திரும்பக் கிடைச்சிருமாமே?

கிடைக்காது. ஓட்டுநரோடு சேர்த்து 13 பேர் வரை அமரும் பயணிகள் வண்டிக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைத் தொழிலில் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) தடுக்கப்பட்டிருக்கிறது. கார் விற்பவர், வாடகைக்கு ஆட்களை ஏற்றிச் செல்பவர், ஓட்டுநர் பயிற்சி நடத்துபவர் ஆகியோருக்கு மட்டும் விலக்கு. உங்கள் ஜவுளிக்கடைக்கோ மருத்துவமனை உரிமையாளர் காருக்கோ அது பொருந்தாது. "ஜிஎஸ்டி திரும்ப வந்துரும் சார், அதைக் கழிச்சுப் பாருங்க" என்று சொல்லி விலையைச் சின்னதாகக் காட்டுகிறவர்கள் உண்டு.

கிடைப்பது வருமான வரியில் தேய்மானக் கழிவு. காருக்கு ஆண்டுக்கு 15 சதவீதம், தொழிலுக்குப் பயன்படுத்தும் அளவுக்கு. வாங்கிய நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அந்த ஆண்டு அதில் பாதிதான். தொழில் பெயரில் எடுப்பவர்கள் செப்டம்பருக்குள் எடுப்பது நல்லது என்று நாங்கள் சொல்வது இதனால்தான். அப்படிப் பார்த்தால் ஆடியில் பேசி ஆவணியில் எடுப்பது இதற்கும் ஒத்துப்போகிறது.

டிசிஎஸ் திரும்பக் கிடைக்கும்னா, மனைவி பேர்ல வாங்கினாலும் கிடைக்குமா?

10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு டிசிஎஸ் 1 சதவீதம். அது பில்லில் உள்ள பான் எண்ணில் வரவாகும். பில் மனைவி பெயரில் என்றால் வரவும் அவர் கணக்கில்தான், உங்கள் வரியில் கழிக்க முடியாது. அவருக்கு வரி கட்ட வேண்டிய வருமானம் இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். செய்யாவிட்டால் 70 ஆயிரம் அப்படியே கிடக்கும். பான் எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் வரவு வேறெங்கோ போய்விடும் என்பதால் பில் வந்த அன்றே சரிபாருங்கள்.

ரொக்கத் தள்ளுபடி வாங்குறதா, அதே மதிப்புக்கு ஆக்சஸரீஸ் வாங்குறதா?

ரொக்கத் தள்ளுபடி, அதுவும் பில்லிலேயே குறைந்து வரும்படி. பில் தொகை குறைந்தால் டிசிஎஸும் சேர்ந்து குறையும். "ஒரு லட்சத்துக்கு ஆக்சஸரீஸ்" என்பது அவர்கள் விலைப்பட்டியலில் ஒரு லட்சம். செராமிக் கோட்டிங்கும் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிமும் நல்ல வெளி ஆட்களிடம் குறைவாகவே முடியும். கம்பெனியின் எக்ஸ்டெண்டட் வாரண்டியும் சர்வீஸ் பேக்கேஜும் வேறு. அவை உண்மையில் பின்னால் பணம் மிச்சப்படுத்தும். தள்ளுபடியில் இனி இறங்க மாட்டேன் என்று நிற்கும்போது அந்த இரண்டையும் கேளுங்கள்.

டெமோ வண்டி பல லட்சம் கம்மிக்குத் தர்றாங்க. எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் புது வண்டியாக நினைத்து விலை பேசாதீர்கள். டீலர் பெயரில் பதிவாகியிருந்தால் நீங்கள் இரண்டாவது உரிமையாளர். வாரண்டி அவர் பதிவு செய்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிட்டது. அதே வயதுள்ள, அதே கிலோமீட்டர் ஓடிய செகண்ட் ஹேண்ட் வண்டி என்ன விலைக்குப் போகிறதோ அதை வைத்துப் பேசுங்கள்.

பாண்டிச்சேரியில பதிவு பண்ணா பல லட்சம் மிச்சம்ங்கிறாங்களே?

பாண்டிச்சேரியில் உண்மையாகவே வசிக்கிறீர்களா? இல்லையென்றால் வேண்டாம். போலி முகவரி காட்டிப் பதிவது குற்றம். வேறு மாநிலப் பதிவு வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும், தமிழ்நாட்டு வரியும் வந்து சேரும். கேரளத்தில் 2017-இல் இப்படிப் பதிவான சொகுசு கார்கள்மீது வழக்குகள் வந்ததைப் பலரும் அறிவார்கள். பெரிய விபத்து நேர்ந்து காப்பீட்டு நிறுவனம் முகவரியை விசாரிக்கத் தொடங்கினால் மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு போகும்.

புக் பண்ணி ரெண்டு மாசம் ஆச்சு, இப்ப விலை ஏறிருச்சுன்னு கூடக் கேட்கிறாங்க. கொடுக்கணுமா?

முன்பதிவுத் தாளின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலும் "டெலிவரி நாளில் உள்ள விலையே பொருந்தும்" என்று அச்சடித்திருக்கும். அதற்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் வாதாடுவது கஷ்டம். அதனால் கையெழுத்துக்கு முன்பே மூன்றைத் தாளில் எழுத வையுங்கள்: பேசிய ஆன் ரோடு தொகை, அது எந்தத் தேதி வரை செல்லும், ரத்து செய்தால் முன்பணம் எவ்வளவு திரும்ப வரும். அரசு வரி ஏறினால் அதை நீங்கள் தர வேண்டியிருக்கும், அது நியாயம். அவர்கள் சொன்ன தேதியைத் தாண்டித் தாமதம் செய்துவிட்டு அந்த இடைவெளியில் ஏறிய விலையைக் கேட்டால், அதைப் பேசித் தள்ளுபடியாகத் திரும்ப வாங்கிவிடலாம்.

குடும்பத்தோட போய்ப் பேசுறதா, தனியா போறதா?

வண்டி பார்க்கக் குடும்பத்தோடு போங்கள். ஓட்டிப் பாருங்கள், பின்சீட்டில் அம்மாவை உட்காரவைத்து ஏறி இறங்க வசதியா என்று பாருங்கள். விலை பேசும் நாளில் நீங்களும் இன்னொருவரும் போதும். பேச்சு சூடுபிடிக்கும்போது மகள் ஓடிவந்து "அப்பா, இந்த நீலக் கலர்தான்ப்பா வேணும்" என்றால் எதிரில் இருப்பவர் பேனாவை மூடிவிடுவார். அன்றே முடிக்க வேண்டும் என்றும் இல்லை. "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று மரியாதையாக எழுந்து வந்தால், மாதக் கடைசி என்றால் பெரும்பாலும் மறுநாளே போன் வரும்.

டெலிவரி அன்னைக்கு நேரா பாண்டி கோயிலுக்குத்தான் வண்டியை விடுறோம். அதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்?

பார்க்க வேண்டியதை டெலிவரி நாளுக்கு முன்பே, பதிவுக்கு அனுப்புவதற்கும் முன்பே பார்த்துவிடுங்கள். மாலை, கேக், போட்டோ என்று இருக்கும் நாளில் யாரும் பெயின்ட்டை உற்றுப் பார்ப்பதில்லை. யார்டில் பகல் வெளிச்சத்தில் சேசிஸ் எண், ஓடிய கிலோமீட்டர், டயர் எண்கள், கண்ணாடிகள், கதவு இடுக்குகளில் பெயின்ட் எல்லாம் பாருங்கள். பதிவான பிறகு குறை கண்டுபிடித்தால் வண்டியை மாற்றித் தரச் சொல்வது மிகவும் கடினம்.

பேசினது ஒண்ணு, கடைசி பில்லுல வேற தொகை. பணமும் கட்டியாச்சு. இனி என்ன செய்யலாம்?

முதலில் ஷோரூம் மேலாளருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். முன்பதிவுத் தாள், கொட்டேஷன், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் இணையுங்கள். கம்பெனிக்கு நகல் போனாலே பல விவகாரங்கள் முடிந்துவிடும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்யலாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். 85 லட்ச வண்டி மாநில ஆணையத்துக்குப் போகும் என்றாலும் சென்னைக்கு அலைய வேண்டாம், அதன் அமர்வு மதுரையிலேயே இருக்கிறது. கோவையிலோ சென்னையிலோ வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்தை வைத்து இங்கே புகார் கொடுக்க 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். வாயால் சொன்ன சலுகைக்கு அங்கே சாட்சி இருக்காது, முத்திரை வைத்த தாளுக்கு இருக்கும்.